தொட்டிலின் எடை

“எனக்கு முந்தி அந்த நாற்காலில இருந்தவன் மனுசனே இல்ல டீச்சர்” என்றார் ஆவுடையப்பன்.

பியூலா டீச்சர் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து முறுக்குத் தூள் கொட்டியது.

“இந்த வாரம் என்ன செஞ்சிருக்கான்?”

“எந்த ஒயர் எங்க போகுதுன்னு ஒரு சீட்டு ஒட்டலை. பாஸ்வேர்டையெல்லாம் பிளாஸ்திரில எழுதி மேசைக்கு அடியில ஒட்டியிருக்கான். மருந்துக்கடை பிரிண்டர் ஓடணும்னா எக்ஸ்ரே ரூம் பிரிண்டரைப் போடணுமாம். ஏன்னு கேட்டா, அப்படித்தான்னு சொல்லுதாவ.”

டீச்சர் கீபோர்டை நிமிர்த்தினார்.

“படிக்கட்டுக்கு அடியில ஒரு பழைய பெட்டி ஓடிக்கிட்டே கெடக்கு. அதுமேல ‘அணைக்காதே’ன்னு எழுதியிருக்கு. எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. அணைச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஆகல.”

“அப்புறம்?”

ஆவுடையப்பன் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“மறுநாள் சமையல்கட்டுல இருந்து வந்தாவ. எந்தப் பிள்ளைக்கு என்ன சாப்பாடுங்கிற லிஸ்ட் வரலையாம்.”

டீச்சர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்று சொல்வதுதான் சரி.

ஆவுடையப்பனுக்கு வயது நாற்பத்தாறு. இருபது வருஷம் கேபிள் டிவி இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஊரில் எந்த மொட்டை மாடியில் எந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒயர் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்தத் தொழில் படுத்துவிட்டது. நாற்பத்து நான்காம் வயதில் பாளையங்கோட்டையில் பியூலா டீச்சரின் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து, பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து தொடங்கினார்.

டீச்சருக்கு அவரைவிட எட்டு வயது குறைவு. டீச்சர் அவரை அண்ணே என்பார். அவர் டீச்சரை டீச்சர் என்பார். யார் குரு, யார் சீடன் என்பதில் இருவருக்கும் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

இப்போது அவருக்கு ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை. கம்ப்யூட்டர் பிரிவு என்று கதவில் பலகை இருக்கும். உள்ளே இவர் ஒருவர்தான். ஆறு மாதம் பார்ப்பார்கள், பிறகு நிரந்தரம் செய்வார்கள் என்று பேச்சு. நாற்பத்தாறு வயதில் மூன்றாவதாக ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள அவருக்குத் தெம்பு இல்லை. இந்த வேலை நிலைத்தே ஆகவேண்டும்.

முந்தி இருந்தவன் பெயர் ரவிக்கண்ணன். ஆறு வருஷம் இருந்துவிட்டு, ஒரு சாவிக் கொத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு மஸ்கட் போய்விட்டான்.

“போன் போட்டுக் கேட்டியளா?” என்றார் டீச்சர்.

“முப்பது தடவை போட்டாச்சு. எடுக்க மாட்டேங்கான். என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு எடுப்பான்?”

“சரி. ஒரு காரியம் செய்யுங்க. ஒரு மாசத்துக்கு எதையும் சரிபண்ணாதிய.”

“என்ன டீச்சர், சரிபண்ணத்தானே வச்சிருக்காவ?”

“கெட்டுப்போனா பாருங்க. ஓடுதத நோண்டாதிய. ஒவ்வொரு ரூமுக்கும் போயி அரைமணி நேரம் உக்காருங்க. அவங்க எப்படி வேலை செய்யுதாவன்னு பாருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

ஆவுடையப்பனுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் டீச்சர் சொல்லிவிட்டார்.

சீட்டு போடுகிற இடத்தில் உட்கார்ந்தார். மருந்துக்கடையில் உட்கார்ந்தார். ரத்தப் பரிசோதனை அறையில் உட்கார்ந்தார். அங்கே இருந்த பெண், நம்மை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை. கம்ப்யூட்டர் இருக்கிற ஒரு அறையையும் அவர் விடவில்லை.

ஊசி போடுகிற அறையில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் அங்கே போகவில்லை.

ஒரு மாதம் கழித்து டீச்சரிடம் வந்தார்.

“என்ன பாத்திய?”

“எல்லாரும் வேலை செய்யுதாவ.”

“இன்னும் ஒரு மாசம் உக்காருங்க.”

வெளியே வந்து ஆவுடையப்பன் ஸ்கூட்டரை ஓங்கி உதைத்தார். இந்த அம்மாவுக்கு என்ன? சென்டரை நடத்திக்கொண்டு கீபோர்டைத் தட்டிக்கொண்டு இருக்கலாம். தன் கையிலிருந்து ஒரு வேலையும் காட்டாமல் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தால் யார் நிரந்தரம் செய்வார்கள்?

கோபத்தில் அவர் நினைத்ததிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது.

ஆறாவது மாதம் கடைசி வாரம். சனிக்கிழமை பெரிய டாக்டரோடு கூட்டம். அதில்தான் ஆவுடையப்பன் இருப்பாரா போவாரா என்று முடிவாகும்.

திங்கட்கிழமை காலையில் ஒரு அப்பா சீட்டு கொடுக்கிற இடத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“நேத்து வேற எடத்துல பிள்ளைய நிறுத்தாவ, ஏழு கிலோ. இங்க எட்டு கிலோங்கிய. ராத்திரியோட ராத்திரியா ஒரு கிலோ ஏறுமா?”

ஆவுடையப்பன் போய்ப் பார்த்தார். குழந்தைகளை நிறுக்கிற மெஷின் அது. மேலே பிளாஸ்டிக்கில் ஒரு தொட்டில், அதில் ஒரு மெத்தை. எடை நேரே கம்ப்யூட்டருக்குப் போய்ச் சீட்டில் அச்சாகிவிடும். அவர் வெறும் தொட்டிலை வைத்துப் பார்த்தார்.

ஒரு கிலோ காட்டியது.

தொட்டிலையும் மெத்தையையும் சேர்த்து நிறுத்துக்கொண்டிருக்கிறது. கழிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் எண் போட்டால் முடிந்தது. அந்த மகராசன் அதைப் போடவே இல்லை. ஆறு வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தொட்டிலோடு சேர்த்து நிறுக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஆவுடையப்பனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ரவிக்கண்ணனின் தப்பு ஒன்று, கிலோக் கணக்கில், கையில் அகப்பட்டுவிட்டது.

இரண்டு நிமிஷ வேலை. கழித்துவிட்டார்.

ஒருவரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்வதற்காகப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தாழையூத்திலிருந்து ஒரு தாய் ஓடி வந்தாள். கையில் ஆறு மாதப் பெண் குழந்தை. திங்கட்கிழமைதான் வலிப்புக்கு மருந்து வாங்கிப் போயிருந்தாள். மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி வலிப்பு.

ஊசி அறையின் மூத்த நர்ஸ் தங்கபுஷ்பம் சிஸ்டர் குழந்தையை வாங்கினார். டாக்டர் வந்தார். ஊசி போட்டார்கள். கால்மணி நேரத்தில் வலிப்பு நின்றது. அந்தக் கால்மணி நேரமும் தாய் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

குழந்தை தூங்கிய பிறகு சிஸ்டர் அதை மறுபடி தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

“இது அஞ்சு கிலோப் பிள்ளையா?” என்றார். “இருபத்தஞ்சு வருசமா தூக்குதேன். இது ஆறு இருக்கும்.”

திங்கட்கிழமைச் சீட்டை எடுத்துப் பார்த்தார். அச்சில் ஆறு என்று இருந்தது. அதைச் சிவப்பு மையால் சுழித்துப் பக்கத்தில் ஐந்து என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்துதான்.

அந்த ஆஸ்பத்திரியின் ஊசி அறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதியிராத வழக்கம். புதிதாக ஒரு நர்ஸ் சேர்ந்தால், கை கழுவுகிற இடத்தைக் காட்டிய கையோடு மூத்தவர் சொல்லிக்கொடுப்பார்: சீட்டில் என்ன எடை இருந்தாலும் தொட்டிலுக்கு ஒரு கிலோ கழித்து எழுது, மருந்தை அதற்குக் கணக்குப் பண்ணு.

மெஷின் அப்படித்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர்காரரிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

மெஷின் ஒரு கிலோ கூட்டியது. நர்ஸ்கள் ஒரு கிலோ குறைத்தார்கள். ஒன்றுக்கொன்று சரியாகிப்போய் மருந்து தவறாமல் இருந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்துதான் தவறியது.

சிஸ்டர் மெஷினுக்குப் போய் வெறும் தொட்டிலை வைத்துப் பார்த்தார். பூஜ்யம் காட்டியது. அவர் முகம் வெளுத்ததை ஆவுடையப்பன் பார்த்தார். சத்தம் கேட்டு அவரும் அங்கே வந்து நின்றிருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

திங்கள் முதல் வந்த பிள்ளைகள் முப்பத்தொன்று. சிஸ்டரும் மற்ற நர்ஸ்களும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வீடு போன் செய்தார்கள். மருந்தளவைத் திருத்திச் சொன்னார்கள். நான்கு மணிக்குக் கடைசிப் பிள்ளையின் வீடு போனில் கிடைத்தது. நல்லவேளையாக மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாழையூத்துப் பிள்ளையும் கண் விழித்துப் பால் குடித்தது.

பெரிய டாக்டர் வந்தார். மெஷினைச் சுற்றி வந்தார்.

“திடீர்னு எப்படி மாறுச்சு?”

வெறும் தொட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

“அந்த ரவிக்கண்ணன் வச்சிட்டுப் போன கூத்துல இதுவும் ஒண்ணா?” என்று ஆவுடையப்பனைப் பார்த்துக் கேட்டார்.

ஆவுடையப்பனின் தலை ஆடியது. அவர் ஆட்டினாரா, அதுவாக ஆடியதா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்குத் தெளியவில்லை. ஆடியது மட்டும் நிஜம்.

“அப்பவே நெனைச்சேன்” என்றார் பெரிய டாக்டர். “நாளைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள எழுத்துல குடுங்க. கவலைப்படாதீங்க. இப்பேர்ப்பட்ட குப்பையை ஆறு மாசமா கட்டி மேய்ச்சிருக்கீங்க. அதைச் சனிக்கிழமை நானே சொல்றேன்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. மூன்றரை மணிக்கு ஆவுடையப்பன் சென்டருக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து உட்கார்ந்தார். திங்கட்கிழமையிலிருந்து நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். தலையாட்டியதையும் சொன்னார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

டீச்சர் வாசித்தார். முன்பு பணியில் இருந்தவர் எடை மெஷினில் தொட்டிலின் எடையைக் கழிக்காமல் விட்டதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை.

“இதுல பொய் எது?” என்றார் டீச்சர்.

“ஒண்ணும் பொய் இல்ல. அவன் கழிக்காம விட்டது நெசம்தானே? அதுலேருந்துதானே எல்லாம்?”

“அப்ப கையெழுத்துப் போட்டுக் குடுக்க வேண்டியதுதானே? இங்க ஏன் வந்திய?”

ஆவுடையப்பன் தாளைத் திரும்ப வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் யாரோ தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

“அந்தத் தாய் சுவத்துல தலைய வச்சிட்டு நின்னா டீச்சர்” என்றார். “எனக்குத் தூக்கம் இல்ல. ஆனா இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க போவேன்? எனக்கு இனிமே எதையும் மொதல்லேருந்து படிக்க ஏலாது. நீங்க ஒரு வழி சொல்லுங்க.”

டீச்சர் தன் போனை எடுத்தார். ஒரு எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு, மேசைக்கு நடுவில் வைத்தார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“டீச்சர்! சொல்லுங்க, நல்லா இருக்கியளா?”

ஆவுடையப்பன் திரையில் இருந்த பெயரை வாசித்தார். ரவிக்கண்ணன் என்று இருந்தது.

“இவன்... உங்களுக்குத் தெரியுமா?” என்றார் மெல்ல.

“இந்த பெஞ்சுலதான் படிச்சான்.”

“ஆறு மாசமா உங்க முன்னால அவனை வையுதேன். ஒரு வார்த்தை சொல்லலையே!”

“நீங்க அவனைப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையேண்ணே. வையத்தானே செஞ்சிய?”

போன் பக்கம் குனிந்து சொன்னார்: “ரவி, ஆஸ்பத்திரில உனக்கப்புறம் வந்த அண்ணன் இங்க இருக்காவ. பிள்ளைகளை நிறுக்குத மெஷினைப் பத்திக் கேக்கணுமாம்.”

லைன் அறுந்துவிட்டது என்று ஆவுடையப்பன் நினைத்தார்.

“அண்ணே” என்றது குரல். “தொட்டில் எடையவா?”

“ஆமா.”

“கழிச்சிட்டியளா?”

“கழிச்சிட்டேன். திங்கக்கிழமை.”

“எந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

ஆவுடையப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளையைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலையே தம்பி. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மொதல்ல சொல்லுங்கண்ணே. பிள்ளை இருக்கா?”

“இருக்கு. வலிப்பு வந்து நின்னுட்டு. இப்ப பால் குடிக்கு.”

மூச்சு விடுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

“நான் சேந்த புதுசு. எனக்கு முந்தி இருந்த ஆளு ஒண்ணுக்கும் ஆகாதவன்னு எனக்கு எண்ணம். தொட்டிலோட நிறுக்குதத நானும் கண்டுபிடிச்சேன். நானும் கழிச்சேன். மூணாவது நாள் ஒரு பையன், ஒரு வயசு இருக்கும், காய்ச்சல் இறங்காமத் திரும்பி வந்தான். சீட்டைப் பாத்தேன். சிவப்பு மையைப் பாத்தேன். எனக்குப் புரிஞ்சு போச்சு. யாரும் பாக்காத நேரம் பழையபடி ஒரு கிலோவை ஏத்தி வச்சிட்டேன்.”

“யாருட்டயும் சொல்லலையா?”

“பெரிய டாக்டர் கேட்டாரு. பழைய ஆளு வச்ச கோளாறு சார், பாத்துட்டேன்னு சொன்னேன். அவரும் நம்பிட்டாரு.”

ஆவுடையப்பன் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“நர்ஸம்மாகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே ரெண்டு பக்கமும் ஒண்ணாச் சரிபண்ணியிருக்கலாமே” என்றார்.

“ஆமாண்ணே.”

“இந்தப் பிள்ளைக்கு இது வந்திருக்காதே.”

“வந்திருக்காதுண்ணே. நீங்க போன் போடுத அன்னைக்கெல்லாம் இதைத்தான் கேக்கப் போறியன்னு நெனைப்பேன். அதான் எடுக்கல. ஆறு வருசம் அந்த மெஷின் பக்கமா நடந்துபோகவே எனக்குப் பிடிக்காது. எவ்வளவோ நாள் சொல்லிருவோம்னு நெனச்சிருக்கேன். நாளாக நாளாக வாய் வரல.”

ஆவுடையப்பனுக்கு ஆறு மாதமாக மனதில் ஒரு ரவிக்கண்ணன் இருந்தான். அலட்சியமாகக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சிரிப்பவன். அவனை எத்தனை முறை மனதுக்குள் அடித்திருப்பார் என்று கணக்கில்லை. போனில் பேசுகிறவன் அவனில்லை. இவன் பயந்துபோன ஒரு ஆள். இவனிடம் கோபப்பட அவரால் முடியவில்லை. பயம்தான் வந்தது.

அடுத்து அந்த நாற்காலிக்கு ஒருவன் வருவான். அவனும் எங்கேயாவது போய், எனக்கு முந்தி இருந்தவன் மனுசனே இல்லை என்பான். அது அவருக்கு இப்போதே காதில் கேட்டது.

“அண்ணே” என்றான் ரவிக்கண்ணன். “பெரிய டாக்டர் உங்ககிட்டயும் கேட்டிருப்பாரே. என்ன சொன்னிய?”

ஆவுடையப்பன் எழுந்தார். தாளை நான்காகக் கிழித்து டீச்சரின் குப்பைக் கூடையில் போட்டார். சுவரில் மணி நாலு பத்து. ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம் ஆகும். பெரிய டாக்டருக்கு முன்னால் சிஸ்டரைப் பார்க்க வேண்டும். சிஸ்டரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகலாம். போகட்டும்.

வாசலில் செருப்பு ஒன்று அகப்பட்டது. இன்னொன்றைக் காலால் தேடிக்கொண்டே படியிறங்கினார். ஸ்கூட்டர் முதல் உதையில் பிடிக்கவில்லை. இரண்டாவதில் பிடித்தது.

மேசைமேல் போன் பேசிக்கொண்டிருந்தது.

“அண்ணே? நாளைக்குக் கேட்டா என்ன சொல்லப் போறிய? அண்ணே, லைன்ல இருக்கியளா?”

“இல்ல ரவி” என்றார் டீச்சர். “அவங்க கெளம்பிட்டாவ.”